கைகளைப் பார்த்த கேமரா

1964 மே 7. மான்செஸ்டர் நகரத்தில் வில்பிரகாம் ரோடு என்றொரு சிறு ரயில் நிலையம். பயணிகள் வந்துபோவது நின்று ஆறு வருடமாகிவிட்டது. கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்தார் அதற்கு வேறு பெயர்ப்பலகை மாட்டி, அமெரிக்கத் தென்மாநிலக் கிராமம் ஒன்றின் நிலையம்போல் ஒப்பனை செய்திருந்தார்கள். ஒரு நடைமேடையில் மூட்டைகள், பழைய சுவரொட்டிகள், ஆடு, கோழி. அது பாடகர்களுக்கு. எதிர் நடைமேடை ரசிகர்களுக்கு. அந்த இளவட்டங்களை நகரிலிருந்து ரயிலிலேயே கூட்டிவந்திருந்தார்கள். நடுவே தண்டவாளம். நிகழ்ச்சியின் பெயர் 'ப்ளூஸ் அண்ட் காஸ்பல் டிரெயின்'.

மழை பிடித்துக்கொண்டது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். வயது நாற்பத்தொன்பது. ஈரம் பளபளக்கும் நடைமேடையில் நிதானமாக நடந்துபோய், வெள்ளை நிற கிப்சன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். மழையைப் பார்த்துவிட்டு, மழையைச் சொல்லும் ஒரு காஸ்பல் பாட்டையே, அதாவது கறுப்பினத் தேவாலயப் பாட்டையே, முதலில் எடுக்கிறார். எதிர்ப்பக்கம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டத் தொடங்குகிறார்கள். பாட்டின் நடுவே குரலை நிறுத்திவிட்டுக் கிட்டாரை முன்னால் விடுகிறார். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஒலியும் இன்றைய காதுக்குத் தட்டையானதுதான். இருந்தும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. நானும் மறக்கவில்லை. பழைய தொலைக்காட்சியில் பாடிய நாட்டார், ப்ளூஸ் கலைஞர்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது அந்த ஈர நடைமேடை.

ஆனால் அந்தக் குதிரை வண்டி என்னை உறுத்துகிறது. ரொசெட்டா தார்ப் வண்டியில் வந்து இறங்க வேண்டிய ஆள் அல்லர். 1938-இலேயே டெக்கா நிறுவனத்துக்கு இசைத்தட்டு கொடுத்தவர். அதே ஆண்டு நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடியவர். 1951-இல் வாஷிங்டனின் பேஸ்பால் மைதானத்தில் கட்டணச் சீட்டு விற்றுத் தன் திருமணத்தையே இசைக் கச்சேரியாக நடத்தியவர். அன்று அதே நிலையத்தில் பாடிய மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியின் பருத்திக் காட்டைவிட்டு சிகாகோவுக்கு ரயிலேறியவர். தெருச்சத்தத்துக்கும் மதுக்கூடக் கூச்சலுக்கும் மேலே எழும்ப எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிடித்து, ப்ளூஸை முழுக்க நகரத்து இசையாக்கியவர். அவரைப் பெட்டியும் கையுமாக அந்தப் பொய் நிலையத்தில் நடக்கவைத்தார்கள். தன் உழைப்பால் ஊரைவிட்டு வெளியேறிய மனிதரைக் கேமராவுக்காக மறுபடி ஊருக்கே அனுப்பிய ஏற்பாடு அது.

கிரனாடாவை மட்டும் குறைசொல்ல முடியாது. 1962 முதல் கச்சேரி ஏற்பாட்டாளர்கள் ஹார்ஸ்ட் லிப்மனும் ஃபிரிட்ஸ் ராவும் 'அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல்' என்ற பெயரில் வருடந்தோறும் கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்தார்கள். பாடன் பாடனில் இருந்த ஜெர்மானியத் தொலைக்காட்சி அவர்களைப் படமெடுத்தது. அங்கும் அரங்கில் மரத்திண்ணை, சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. இன்னும் பின்னால் போனால், 1935-இல் 'மார்ச் ஆஃப் டைம்' செய்திப்படம் பாடகர் லெட்பெல்லி சிறையிலிருந்து விடுதலையான கதையை அவரையே வைத்து நடிக்கச் செய்தது. சிறையிலிருந்து வெளியே வந்திருந்தவருக்கு மீண்டும் கைதி உடுப்பை மாட்டிவிட்டார்கள். அந்தத் துண்டை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

இந்தப் படங்களை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்தக் காலம் நல்ல காலம் அல்ல. ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃப் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஷிண்டிக்' நிகழ்ச்சியில் தோன்றியது 1965 மே 20-இல். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் தடையின்றி வாக்களிக்க வழிசெய்த சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு ஆகஸ்டில். நாடு முழுவதும் வெள்ளை இளைஞர்கள் பார்த்த நிகழ்ச்சியில் பாடிய அந்த மனிதர், தான் பிறந்த மிசிசிப்பியில் அன்றைக்கு ஓட்டுச்சாவடிக்குள் பயமின்றி நுழைந்திருக்க முடியாது.

அவர் அந்த மேடைக்கு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. அழைக்கப்பட்டவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ். உல்ஃப் 1961-இல் பதிவுசெய்த, வில்லி டிக்சன் எழுதிய ஒரு பாட்டை அவர்கள் பாடி 1964 கடைசியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார்கள். உல்ஃபும் வந்தால்தான் நாங்கள் வருவோம் என்று அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். நிகழ்ச்சியில், பேச்சை முடித்துக்கொண்டு அவரை மேடைக்கு விடலாமே என்று ஸ்டோன்ஸில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் தொகுப்பாளரை அவசரப்படுத்துகிறார். பிறகு ஐந்து இளைஞர்களும் உல்ஃபின் காலடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, ஐம்பத்து நான்கு வயது. மூத்த ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டனிடம் நேரில் கற்ற கை அது. உல்ஃப் ஹார்மோனிகாவை எடுத்து ஊதுகிறார், விரலை நீட்டி அதட்டுகிறார், இடுப்பைக் குலுக்கித் துள்ளுகிறார். அவருடைய நாட்டுத் தொலைக்காட்சி அவரைக் கண்டுகொள்ள, கடல் கடந்து வந்த பையன்கள் கைகாட்ட வேண்டியிருந்தது. அந்த இளைஞர்களின் மரியாதை உண்மையானது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

எங்கோ நடந்த இவற்றுக்காக இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏன் ஏங்க வேண்டும்? சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-இல். ஹவ்லின் உல்ஃப் துள்ளிய இரவில் தமிழ்நாட்டில் யார் வீட்டிலும் அதைப் பார்க்கப் பெட்டி இல்லை. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு இது சொந்த நினைவு அல்ல. சிறு வயதில் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததன் வாசம் எதுவும் இதில் கலக்கவில்லை. அப்படியும் நெஞ்சு கனக்கிறதென்றால் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும். அந்தப் படங்களில் ஒருவரை இன்னொருவர் கவனிக்கும் விதத்தில் அது இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நேரலையாக ஒளிபரப்பானது. பெயரில் ஜாஸ் இருந்தாலும் பில்லி ஹாலிடே அன்று பாடியது பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட அசல் ப்ளூஸ். அவரே எழுதியது. அரங்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. இயக்குநர் ஜாக் ஸ்மைட், இன்னொரு கேமரா சட்டகத்துக்குள் தெரிந்தாலும் பரவாயில்லை, முகங்களைப் பிடியுங்கள் என்று ஒளிப்பதிவாளர்களுக்கு விடுதலை கொடுத்திருந்தார். ஹாலிடே உயரமான ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வாத்தியக் கலைஞர்கள்: கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெரி மல்லிகன். உடல் நலம் குன்றியிருந்த லெஸ்டர் யங் தன் முறை வந்ததும் எழுந்து நின்று சாக்ஸபோனில் ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். நிறைய சுரங்கள் இல்லை. கேமரா அவரை விட்டு ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. ஒருகாலத்தில் மிக நெருக்கமாக இருந்து பின்னால் விலகிப்போனவர்கள் இருவரும். யங் வாசிப்பதைக் கேட்டு ஹாலிடேயின் தலை மெல்ல அசைகிறது. உதட்டில் புன்னகையா வலியா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்துபோகிறது. யங் 1959 மார்ச்சில் இறந்தார். ஹாலிடே அதே ஆண்டு ஜூலையில். அந்த ஒளிப்பதிவாளர் அந்தக் கணத்தில் வாசிப்பவரை விட்டுக் கேட்பவரிடம் திரும்பினாரே, அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தக் கவனிப்பை ஒரு நிகழ்ச்சியின் முறையாகவே ஆக்கியவர் நாட்டார் பாடகர் பீட் சீகர். அவருடைய 'ரெயின்போ குவெஸ்ட்' 1965, 66 ஆண்டுகளில் பதிவானது. மொத்தம் 39 பகுதிகள். பெரிய தொலைக்காட்சிகள் அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தன. 1955-இல் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் முன் தன் அரசியல் நம்பிக்கைகளையும் நட்புகளையும் பற்றிப் பதில் சொல்ல மறுத்தவர் அவர். 1961-இல் அதற்காகத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. தண்டனை போன பிறகும் தடை போகவில்லை. 1963-இல் ஏபிசி தொடங்கிய 'ஹூட்டனானி' நாட்டார் பாடல்களுக்கென்றே வந்த நிகழ்ச்சி. அந்தப் பெயரைக் கச்சேரிகளுக்கு வைத்துப் பரப்பியவர்களில் ஒருவரான சீகரையே அது உள்ளே விடவில்லை. பாடகி ஜோன் பேயஸ் போன்றவர்கள் அதனால் அந்த நிகழ்ச்சியைப் புறக்கணித்தார்கள்.

கடைசியில் சீகருக்கு இடம் கொடுத்தது நியூ ஜெர்சியிலிருந்து 47-ஆம் அலைவரிசையில் ஒளிபரப்பிய டபிள்யூஎன்ஜேயூ என்ற சிறிய நிலையம். ஸ்பானிய மொழி நிகழ்ச்சிகளை நம்பி நடந்தது. அந்த அலைவரிசை யுஎச்எஃப் வரிசையில் இருந்ததால் அன்றிருந்த பல பெட்டிகளில் எடுக்கவே எடுக்காது. பணமும் இல்லை. சீகரின் மனைவி டோஷிதான் நிகழ்ச்சியைக் கட்டிச் சமாளித்தார். நிகழ்ச்சியின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தலைமைச் சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர் என்ற பொருளில் போட்டிருக்கும். ஒரு மர மேசை, சில நாற்காலிகள், சுவரோரம் வாத்தியங்கள். பார்வையாளர் கூட்டம் கிடையாது. ஆகவே கைதட்டலும் கிடையாது.

கைதட்டல் இல்லாதது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அதைப் பார்த்தால்தான் உணரலாம். பாட்டு முடிகிறது. யாரும் ஆரவாரம் செய்வதில்லை. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்குகிறது. சீகர் ஒரு பெருமூச்சோ ஒரு சிறிய சிரிப்போ காட்டுகிறார். பிறகு கேட்கத் தோன்றியதைக் கேட்கிறார்: யாரிடம் கற்றீர்கள், கம்பியை எப்படிச் சுருதி கூட்டியிருக்கிறீர்கள், அந்த விரலை இன்னொரு தரம் காட்ட முடியுமா. விருந்தினர் கிட்டாரை மடியில் சாய்த்து முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்க்கிறார், கேமரா காத்திருக்கிறது. சுருதி சேர்ப்பதை ஒளிபரப்புகிற தொலைக்காட்சி! இன்றைக்கு எந்த நிலையத்திலும் அந்த அரை நிமிடம் முதலில் வெட்டப்படும்.

எலிசபெத் காட்டன் வரும் பகுதியை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன் என்று தெரியாது. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிப்பார். மற்றவர்கள் கட்டைவிரலால் மந்திர ஸ்தாயிக் கம்பிகளை மீட்டி, விரல்களால் பாட்டை எடுப்பார்கள். இவர் கட்டைவிரலால் பாட்டையும் விரல்களால் மந்திரத்தையும் எடுப்பார். இதை வார்த்தையில் சொன்னால் குழப்பம்தான். பதிவில் கேமரா அந்தக் கையருகே போய் அசையாமல் நிற்கிறது, பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

வட கரோலினாவில் பிறந்து, சிறு பெண்ணாக இருக்கும்போதே வீட்டுவேலைக்குப் போனவர். பன்னிரண்டு வயது வாக்கிலேயே வீட்டருகே ஓடிய சரக்கு ரயிலைக் கேட்டு ஒரு பாட்டுக் கட்டினார். கல்யாணம், குழந்தை, தேவாலயம் என்றான பிறகு கிட்டாரைக் கைவிட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓடின. வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் காணாமல்போன ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுமி பெக்கி சீகர். தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். அந்தக் குடும்பம் அவரை வீட்டுவேலைக்கு அமர்த்திக்கொண்டது. அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்தார். பெக்கியின் அண்ணன் மைக் பதிவுசெய்ய, 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த ரயில் பாட்டு பிரிட்டனில் வேறு ஆட்கள் பாடி வெற்றி பெற்றிருந்தது. உரிமையும் வேறு பெயர்களில் பதிவாகியிருந்தது. பீட் சீகர் அந்தச் சிறுமியின் தந்தைவழி அண்ணன். குடும்பத்துக்குச் சமைத்துப்போட்ட அம்மையாரை அவர் தன் மேசைக்கு எதிரே விருந்தினராக உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். இது பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். வெகுநாள் முன்பே நடந்திருக்க வேண்டியது. ஆனால் நடந்தபோது அது கேமராவின் முன் நடந்தது, நம்மால் பார்க்க முடிகிறது.

மிசிசிப்பி ஜான் ஹர்ட்டும் அந்த மேசைக்கு வந்தார். 1928-இல் ஓகே நிறுவனத்துக்குச் சில பாட்டுகள் பாடிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பொருளாதாரச் சரிவில் எல்லாம் போயிற்று; வயலிலும் மாட்டுத்தொழுவத்திலும் முப்பத்தைந்து வருடம் கழிந்தது. பழைய பாட்டொன்றில் அவர் சொன்ன ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர் 1963-இல் ஆவலான் என்ற அந்தக் கிராமத்துக்கே தேடிப்போனார். வந்தவரைக் காவல்துறை ஆள் என்று ஹர்ட் பயந்தாராம். ஒரு கறுப்பின விவசாயியின் வீட்டுக் கதவை அறிமுகமில்லாத வெள்ளைக்காரர் தட்டினால் என்ன நினைக்கத் தோன்றும் என்பது அதில் இருக்கிறது. சீகரின் மேசையில், தொப்பிக்குக் கீழே அந்த முகம், அதட்டாத குரல், தடுமாறாமல் ஓடும் கட்டைவிரல். 1966 நவம்பரில் இறந்துவிட்டார். வெளியுலகம் அவரைக் கேட்டது மூன்றே ஆண்டுகள்.

அந்த 39 பகுதிகளில் எத்தனையோ பேர். கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத்திலும் மர ஆலையிலும் உடம்பைத் தேய்த்துவிட்ட ராஸ்கோ ஹோல்கம் வருகிறார். நிகழ்ச்சியின் அதே பகுதியில் ஸ்காட்லாந்துப் பாடகி ஜீன் ரெட்பாத்தும் இருக்கிறார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிகளோடு கடல் கடந்து மலையேறிய கதைப்பாடல்கள் இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்கின்றன. இன்னொன்றில் ஹார்லெம் தெருமுனைகளில் பாடிப் பிரசங்கம் செய்த, பார்வையற்ற ரெவரெண்ட் கேரி டேவிஸ். எதிரே இருபதை ஒட்டிய பாடகர் டொனவன். அவருக்குப் பக்கத்தில் ஷான் ஃபிலிப்ஸ் சிதார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதியவர் வாசிக்கும்போது இளையவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்: அவர் கைகளை. சீகரும் அங்கேதான் பார்க்கிறார். கேமராவும்.

இவை நம்மிடம் வந்து சேர்ந்தது தற்செயல். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரண்டு அங்குல ஒளிநாடா 1956-இல்தான் வந்தது. விலை அதிகம், ஆகவே ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவுசெய்வார்கள். அதற்கு முன் நேரலையைக் காப்பாற்ற ஒரே வழி, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே திரைப்படக் கேமராவை நிறுத்திப் படம்பிடிப்பது. 1957-இல்கூட ஹாலிடேயின் முகம் அப்படித்தான் தப்பியது. 1953-இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பிபிசிக்காக நாட்டார் பாடகர்களைத் திரட்டி ஒரு தொடர் நடத்தினார். தயாரிப்பாளர், பின்னாளில் இயற்கைப் படங்களால் உலகறிந்த டேவிட் அட்டன்பரோ. நேரலையாகப் போனது, காற்றோடு கரைந்தது. 1963 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பிய 'மேட்ஹவுஸ் ஆன் கேசில் ஸ்ட்ரீட்' நாடகத்தில் இருபத்தோரு வயது பாப் டிலன் நடித்துப் பாடினார். 1968-இல் அந்தப் பதிவு அழிக்கப்பட்டது. எவரும் வஞ்சம் வைத்துச் செய்ததல்ல. இதை யாராவது மறுபடி பார்க்க விரும்புவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனை அசையும் படமாக எவரும் பார்த்ததில்லை. மிசிசிப்பித் தெருவொன்றில் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக ஒருவர் நிற்கும் சில நொடித் துண்டு ஒருமுறை கிடைத்தது. ஜான்சனேதான் என்று பலர் பரவசப்பட்டார்கள். பின்னால் சுவரில் தெரிந்த சினிமா விளம்பரம் 1941-இல் வந்த படத்துடையது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஜான்சன் இறந்தது 1938-இல். அந்தப் பரவசத்தை நான் புரிந்துகொள்கிறேன். குரல் மட்டும் மிஞ்சியிருக்கும் மனிதரின் கையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பலமானது.

இன்று இந்தப் பதிவுகள் பெரும்பாலும் துண்டுகளாகவே சுற்றுகின்றன. தார்ப்பின் கிட்டார் மட்டும் அரை நிமிடம், உல்ஃபின் துள்ளல் மட்டும் இருபது நொடி. நிறம் ஏற்றுகிறார்கள், வேகத்தைக் கூட்டுகிறார்கள், மேலே எழுத்து ஓடவிடுகிறார்கள். அப்படி வெட்டும்போது போவது பாட்டு அல்ல; பாட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த காத்திருப்பு. ஹர்ட் பேசத் தயங்கும் இடைவெளியும் காட்டன் சுருதி சேர்க்கும் நேரமும் இல்லையென்றால், மிஞ்சுவது வேடிக்கை மட்டுமே.

'ரெயின்போ குவெஸ்ட்' பகுதிகள் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஒன்றையாவது இடையில் நிறுத்தாமல், ஓட்டிவிடாமல் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால், காட்டன் வரும் பகுதியைச் சொல்வேன்.